உட்கார்ந்தால் குத்துகிறது

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்காதீர்கள். நானே முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்கு அக்குளிலிருந்து இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கிற பிரேஸை பிளாஸ்டிக்கில் செய்கிற பட்டறை அது. செய்கிறவர் சகாயராணி மேடம். அவரிடம் தொழில் பழகுகிறவர் ஜெபராஜ் அண்ணன். அன்று நான்காவது தடவையாக என் பிரேஸைத் திருப்பிக் கொண்டுபோயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் அதைக் கழற்றி வைப்பதை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்த எக்ஸ்ரேயிலும் வளைவு கூடினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அளவு பார்க்கிற கட்டிலில், திரைக்குப் பின்னால் படுத்திருந்தேன். ஜெபராஜ் அண்ணன் நாற்காலியில் சரிகிற சத்தம் கேட்டது.

"மேடம், அளவு சரி, பட்டை சரி. மூணு தடவை தேய்ச்சுக் குடுத்தாச்சு. கை ஓய்ஞ்சு போச்சு. உக்காந்தா குத்துதுன்னு சொல்றா இந்த இசக்கிப்பிரியா. நிக்க வச்சுப் பாத்தா எல்லாம் கச்சிதமா இருக்கு. இந்தப் பிள்ளைங்க ஏன்தான் கழட்டுதுங்க?"

மேடத்துக்குக் காலையிலிருந்து பதினோரு பிள்ளைகள். குரலே எழும்பவில்லை.

"சாப்பிட்டு வந்து சொல்றேன்."

திரைக்குள் வந்து, என்னைத் தாண்டி, பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

கொஞ்சம் பொறுத்தேன். பிறகு மேடம் செருமுகிற மாதிரியே செருமினேன்.

"ஜெபராஜ்."

"மேடம்? இன்னும் போகலையா?"

"அலமாரியில பெரிய ஆளுக்குச் செஞ்ச பிரேஸ் இருக்குல்ல, அத எடுத்து மாட்டு."

"எனக்கா?"

"பின்ன, எனக்கா?"

பட்டைகள் இழுபட்டன.

"மாட்டியாச்சு மேடம். நல்லாத்தானே இருக்கு?"

"நிக்கிறியா?"

"ஆமா."

"தரையில சம்மணம் போட்டு உக்காந்து சாப்பிடு."

டிபன் பாக்ஸ் திறந்தது. ஒரு முனகல். நான் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"மேடம், கீழ்விளிம்பு தொடையில ஏறுது."

"சாப்பிடு."

"சோறு எறங்கல. அக்குள்ல வேற முட்டுது. கழட்டிரட்டுமா?"

"கழட்டுனா எக்ஸ்ரேயில தெரிஞ்சிரும்."

"எனக்கு எதுக்கு மேடம் எக்ஸ்ரே?"

  அரை மணி நேரம் போயிருக்கும். திரையை விலக்கிப் பார்த்தேன். பாதிச் சோற்றை மூடி வைத்துவிட்டு, சாயவும் முடியாமல் குனியவும் முடியாமல், அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது பீரியடில் நானும் அப்படித்தான் கரும்பலகையைப் பார்ப்பேன். போர்வையை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு வேலை இல்லை.

அப்போது முன்வாசல் கதவு திறந்தது. கையில் டீயோடு மேடம்.

"ஏன்யா, இத மாட்டிக்கிட்டு இங்க உக்காந்திருக்க?"

"நீங்கதானே மேடம்..."

மேடத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்பவும் மேடத்தைப் பார்த்தார்.

"ஏட்டி இசக்கிப்பிரியா!"

அண்ணன் எழுந்து வரப் பார்த்தார். தவழத்தான் முடிந்தது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

"பாத்தீங்களா மேடம்! உங்க குரல்ல பேசி என்னைய ஏமாத்திட்டா!"

மேடம் டீயை மேஜைமேல் வைத்தார். மெதுவாக அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொடையில் ஏறியிருந்த விளிம்பில், வெட்ட வேண்டிய அளவுக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"என் குரல்ல சொன்னதும் உனக்குக் கேட்டுருச்சு," என்றார். "அவ குரல்ல நாலு தடவை சொல்லிட்டா. நம்ம ரெண்டு பேருக்குமே கேக்கல."