தலைமாட்டில் இருந்த டிரம்

ஆற்றங்கரை மடத்துக் குரு அங்கயற்கண்ணிக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தேழு. இது ஊரில் சிலருக்கு உறுத்தியது. தெய்வசிகாமணிக்கு உறுத்தவில்லை. அவர் அந்த ஊரின் நகராட்சி ஆணையர். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்களுக்கு நடுவில் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பவர். தலையாட்டாத ஒருவர் முன்னால் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். வழக்கம்போல் பாயில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஏழு கூட்டம் போட்டுட்டேன், அம்மா."

"எதுக்கு?"

"காய்ச்சலுக்கு."

போன மழைக்காலத்தில் ஒன்பதாம் வார்டு மேட்டுத் தெருவில் டெங்குக் காய்ச்சல் வந்து இரண்டு குழந்தைகள் போய்விட்டன. இந்த வருஷம் மழைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் உருப்படியாக ஏதாவது நடக்காவிட்டால், இன்னொரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் நிற்க வேண்டியிருக்கும். ஒரு முறை நின்றதே அவருக்கு ஆயுசுக்கும் போதும்.

"கூட்டத்துக்கு யார் யார் வராங்க?" என்று குரு கேட்டார்.

"எல்லாரும் வராங்க. குடிநீர் இன்ஜினியர், சுகாதார அலுவலர், வியாபாரிகள் சங்கம். அத்தனை பேரையும் ஒரே மேஜையில உட்கார வெச்சுட்டேன்."

"உட்கார்ந்து?"

"அவங்கவங்க அறிக்கையை அவங்கவங்க படிக்கறாங்க."

"ஒருத்தர் படிக்கறப்போ மத்தவங்க?"

தெய்வசிகாமணி பொய் சொல்லத் தெரியாதவர். "போண்டா சாப்பிடறாங்க" என்றார்.

குரு வாய்விட்டுச் சிரித்தார். ஆணையருக்குக் கோபம் வந்தது. பிறகு அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் பாயில் உட்கார்ந்தார்.

"இவங்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கறது எப்படி, அம்மா? அதை மட்டும் சொல்லுங்க."

"எட்டாவது கூட்டம் எப்போ?"

"நாளைக்குக் காலையில. நகராட்சி ஹால்ல."

"ஹால் வேண்டாம், ஐயா. மேட்டுத் தெருவுல பாத்திமுத்து வீட்டுல வையுங்க. நானும் வரேன். யாரும் அறிக்கை கொண்டு வர வேண்டாம்."

ஆணையரின் முகம் சட்டென்று வாடியது. போன வருஷம் போன இரண்டு குழந்தைகளில் ஒன்று நஸ்ரின். பாத்திமுத்துவின் மூத்த மகள். ஏழு வயது. துக்கம் கேட்கப் போயிருந்தபோது பாத்திமுத்து அவர் முன்னால் அழவில்லை. "எல்லாரும் வந்தீங்க, சார். ஒவ்வொருத்தரா வந்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அந்த வீடா, அம்மா?"

"அந்த வீடுதான்."

மறுநாள் காலை மேட்டுத் தெருவில் நகராட்சி ஜீப்பும் இரண்டு ஸ்கூட்டரும் வந்து நின்றன. பாத்திமுத்து வீட்டிலேயே தையல் தைப்பவள். மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். அறிக்கை இல்லாமல் வந்ததால் யாருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இன்ஜினியர் ஞானதுரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வியாபாரிகள் சங்கச் செயலாளர் நாகப்பன், பிளாஸ்டிக் சாமான் கடைக்காரர், நாற்காலிகள் தன் கடையில் வாங்கியவைதானா என்று தடவிப் பார்த்தார்.

சுகாதார அலுவலர் டாக்டர் வளர்மதி மட்டும் தெம்பாக இருந்தார். வாசலில் ஒரு டிரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உலர்ந்து சுத்தமாக இருந்தது. "பாருங்க, சார்" என்று ஆணையரிடம் காட்டினார். "மூணு வருஷமா வாராவாரம் சனிக்கிழமை எங்க ஆளுங்க இந்தத் தெருவுல தேங்கின தண்ணியை எல்லாம் கவுத்துட்டுத்தான் போறாங்க. மூணு மாசமா இங்க ஒரு கொசுப்புழு கிடையாது."

அந்த நேரம் குரு நடந்தே வந்து சேர்ந்தார். காலெல்லாம் புழுதி.

"பாத்திமுத்து, கால் கழுவக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

பாத்திமுத்து குருவைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். அசையாமல் நின்றாள். குரு காத்திருந்தார். கடைசியில் அவள் உள்ளே போய் ஒரு மக்கில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். குரு அதில் பாதியைக் காலில் ஊற்றிக்கொண்டு, மீதியோடு மக்கை டாக்டரிடம் கொடுத்தார்.

வளர்மதி மக்குக்குள் பார்த்தார். நெளிந்து நெளிந்து மேலே வந்துகொண்டிருந்தன புழுக்கள்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

பாத்திமுத்து வாசல் திரையை விலக்கிப் பிடித்தாள். எல்லோரும் உள்ளே போனார்கள்.

ஒற்றை அறை. ஒரு கட்டில். கட்டிலில் இளையவள் ஷமீமா, நான்கு வயது, கால்சட்டை போட்ட ஒரு பொம்மையைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில், சுவரோடு ஒட்டி, பழைய சேலை போர்த்திய டிரம் ஒன்று நின்றது. விளிம்பு வரை தண்ணீர்.

வளர்மதியின் கை தானாகவே டிரம்மின் விளிம்புக்குப் போனது. மூன்று வருஷப் பழக்கம்.

"கவுத்துங்க, டாக்டரம்மா" என்றாள் பாத்திமுத்து. "அடுத்த தண்ணி எப்ப வரும்னு அந்த சாரைக் கேட்டுட்டுக் கவுத்துங்க."

டாக்டர் திரும்பி இன்ஜினியரைப் பார்த்தார். "எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை" என்றார் ஞானதுரை. "மேட்டுப் பகுதி. வாரம் ஒரு தடவைதான் ஏத்த முடியும். நேத்து விட்டாச்சு."

"நேத்தா?"

"எப்பவும் வெள்ளிதானே, டாக்டர்."

அந்த அறையில் காற்று வர ஒரே ஜன்னல்தான் இருந்தது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க வேறு இடம் இல்லை.

பாத்திமுத்து சொன்னாள். "வெள்ளிக்கிழமை வாசல்ல பைப்புல பிடிப்போம். சனிக்கிழமை உங்க ஆளுங்க வந்து கவுத்துருவாங்க. ஏழு நாளைக்கு நாங்க என்ன பண்றது? அதான் அவங்க வர்றதுக்குள்ள சாக்குல வெச்சு இழுத்து உள்ள கொண்டாந்துருவேன். காலி டிரம் ஒண்ணு வாசல்ல கவுந்தே கிடக்கும். தெருவே அப்படித்தான்." கட்டிலைக் காட்டினாள். "நஸ்ரினும் அந்தக் கட்டில்லதான் படுத்திருந்தா. இதை இங்க தள்ளினது நான்தான். வேற யாருமில்ல."

வளர்மதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஷமீமா நகர்ந்து இடம் கொடுத்தாள். மூன்று மாத அறிக்கையிலும் 'புழு இல்லை' என்று கையெழுத்துப் போட்டது அவர். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு வீட்டில் ஒரு டிரம் உள்ளே போயிருக்கிறது. அந்த அறிக்கைகளைப் படித்து 'நன்று' என்று பச்சை மையில் எழுதியவர் தெய்வசிகாமணி.

குரு திரையோரம் நின்றுகொண்டிருந்தார். எதுவும் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

முதலில் வாயைத் திறந்தது டாக்டர்தான். "சனிக்கிழமை வந்தது எங்க தப்பு. வியாழக்கிழமை வரோம். அன்னைக்கு டிரம்முல அடித்தண்ணிதான் இருக்கும். அதைக் கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். முட்டை சுவத்துல ஒட்டியிருக்கும். சும்மா கவுத்தினா போகாது."

"வியாழக்கிழமை தேய்ச்சுட்டு, வெள்ளிக்கிழமை தண்ணி வரலைன்னா?" என்று பாத்திமுத்து கேட்டாள்.

எல்லோரும் ஞானதுரையைப் பார்த்தார்கள். அவர் கையைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டு வந்தார். "கரண்ட் இருந்தா வரும். மோட்டார் ஓடற நேரத்துல கரண்டை எடுத்துடறாங்க."

"சொல்லிப் பார்த்தீங்களா?"

"கடிதம் போட்டிருக்கேன். நினைவூட்டல் கடிதமும் போட்டிருக்கேன்."

தெய்வசிகாமணி அங்கேயே நின்று மின்வாரிய அதிகாரிக்குப் போன் செய்தார். பேச்சு மூன்று நிமிஷத்தில் முடிந்தது. பராமரிப்பு வேலையை வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு மாற்ற அந்த மனிதருக்கு ஒரு தடையும் இல்லை. மேட்டுத் தெருவுக்கு வெள்ளிக்கிழமை தண்ணீர் ஏறுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. கடிதம் வேறு ஒரு பிரிவில் பத்திரமாக இருந்தது.

"அப்போ காலையில ஆறிலேருந்து எட்டு" என்றார் ஞானதுரை. "நான் பொறுப்பு. எழுதியே தரேன்."

"டிரம்முக்கு மூடி?" என்று டாக்டர் நாகப்பனைக் கேட்டார்.

"மூடியோடதான் விக்கறேன், டாக்டர். குடம் முக்க இடைஞ்சலா இருக்குன்னு ஜனங்க தூக்கிப் போட்டுடறாங்க."

"மூடி வேணாம்" என்றாள் பாத்திமுத்து. மூலையில் கிடந்த கொசுவலைத் துண்டை எடுத்து டிரம்மின் வாயைச் சுற்றி முழம் போட்டு அளந்தாள். "ஓரத்துல எலாஸ்டிக் வெச்சுத் தைச்சா ஒரு கையால கழட்டலாம், ஒரு கையால மாட்டலாம். துணி மட்டும் குடுங்க."

"துணி என் கடையிலேயே கிடக்கு" என்றார் நாகப்பன். "நாளைக்கே வண்டியில அனுப்பறேன்." இந்த அவசரம் அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்.

எட்டாவது கூட்டம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. போண்டா கிடையாது. யார் தலைமை வகித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

வியாழக்கிழமைகளில் பிரஷ் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. முதல் வாரம் தெரு அதை நம்பவில்லை, உள்ளே இருந்த டிரம் உள்ளேயே இருந்தது. இரண்டாவது வாரம் பாதி வெளியே வந்தது. மூன்றாவது வாரம் வாசலுக்கு வாசல் வெள்ளைத் தொப்பி போட்ட டிரம்கள் நின்றன. அதற்கு நாலாவது நாள் மழை பிடித்துக்கொண்டது.

நாற்பது நாள் பெய்தது. பக்கத்து வார்டுகளில் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நின்றது. மேட்டுத் தெருவில் பெரியவர்கள் மூன்று பேருக்குக் காய்ச்சல் கண்டு இறங்கியது. குழந்தைகளில் ஒருவருக்கும் இல்லை. ஷமீமாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பால்வாடிக்கு மட்டம் போட வழியில்லாமல் போனதில் அவளுக்கு மனக்குறைதான்.

தை பிறந்ததும் தெய்வசிகாமணி மடத்துக்கு வந்தார். இந்தத் தடவை நேராகப் பாயில் உட்கார்ந்தார்.

"பக்கத்து வார்டுக்கும் தொடங்கியாச்சு, அம்மா. டாக்டரும் இன்ஜினியரும் என்னைக் கேட்காமலே போன்ல பேசி நாள் குறிச்சுட்டாங்க. பாத்திமுத்து நூறு உறை தைச்சு முடிச்சுட்டா."

"எப்படி இருக்கா?"

"வேலை வேலைன்னு இருக்கா. ஆனா ஒவ்வொரு உறை மாட்டறப்பவும் அதையேதான் சொல்றா. நான்தான் தள்ளினேன், நான்தான் தள்ளினேன்னு." அவர் பாயில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை. மக்குத் தண்ணியைத் தவிர ஒண்ணும் கேட்கலை. இத்தனை பேரை எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வெச்சீங்க?"

"நான் எங்க வெச்சேன்? போன வருஷமும் அவங்க சேர்ந்துதான் வேலை பார்த்தாங்க."

"போன வருஷமா? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்ததில்லையே, அம்மா."

குரு அவரை நேராகப் பார்த்தார்.

"தண்ணி நிறைஞ்ச டிரம், ஐயா. அவ ஒருத்தியாவா அதை உள்ள தள்ளியிருப்பா?"