நீர்நாய் கழுவிய உப்பு

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு நீர்நாய் இருந்தது. அதற்குச் சுத்தம் என்றால் உயிர். கையில் எது கிடைத்தாலும் தண்ணீரில் அலசித்தான் எடுத்து வைக்கும்.

மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடும், மீன் அகப்படாது. குட்டிகள் பட்டினி கிடக்கக் கூடாதே! அதனால் முன்கூட்டியே மீன் பிடித்து, உப்புத் தடவிக் காயவைத்துக்கொள்ளும். உப்பளத்திலிருந்து உப்பு கொண்டுவந்து தருவது நரி. அதற்குக் கூலி பாதிக் கருவாடு.

இந்த வருடமும் நரி பெரிய உப்புக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து போட்டது. நீர்நாய் என்ன செய்தது தெரியுமா? "சே, எவ்வளவு மண்!" என்று, பாறைக்குழியில் தேங்கிய தண்ணீரில் போட்டு அலசு அலசென்று அலசியது. கட்டி கையிலேயே கரைந்து காணாமல் போயிற்று!

"ஐயோ, உப்பு போச்சே! மழைக்கு ஒரு வாரந்தானே இருக்கு! என் பிள்ளைங்க என்ன சாப்பிடும்?" என்று நீர்நாய் அழுதது.

நரி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டது. "கரைஞ்சா கரைஞ்சதுதான் அக்கா, திரும்ப வராது. வேற கட்டி தர்றேன். ஆனா, இந்தத் தடவை முக்கால் பங்கு எனக்கு! அந்த வீணாப்போன தண்ணியையும் நானே சுரைக்குடுக்கையில மொண்டுட்டுப் போயிடறேன்."

கரையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்த உள்ளான் குருவி தலையைத் தூக்கியது. பாதி வருடம் உப்பளத்தில் மேய்கிற பறவை அது.

"வீணாப்போன தண்ணி உமக்கு எதுக்கு நரியாரே? அக்கா, அதை நாக்குல தொட்டுப் பாரு!"

நீர்நாய் தொட்டுப் பார்த்தது. "தூ! கரிக்குதே!"

"அப்போ உப்பு எங்கேயும் போகல, தண்ணிக்குள்ளதான் இருக்கு. தட்டைப் பாறையில ஊத்தி வை. வெயில் தண்ணியை மட்டுந்தான் எடுத்துக்கும். உப்பளத்துல தினம் நடக்கிறதே இதுதான்! நரியாரும் வரப்புல உட்கார்ந்து பார்க்கிறவர்தானே!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு மெல்ல நழுவியது.

நீர்நாய் அப்படியே செய்தது. மறுநாள் மேகம் கூடியபோது பாறையை விட்டு நகராமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, மேகம் கலைந்துவிட்டது. மூன்றாம் நாள் பாறையெங்கும் வெள்ளை வெளேரென்று உப்பு! மண்ணெல்லாம் குழியின் அடியிலேயே தங்கிவிட்டது. இந்த முறை நீர்நாய் அதைக் கழுவவில்லை.

கருவாடு காய்ந்ததும் நரி வந்து நின்றது.

"பேசின பாதி இதோ. எடுத்துக்கோ தம்பி. அடுத்த வருஷம் வராதே."

"ஒரே ஒரு பொய்தானே அக்கா!"

"உப்பைப் பாறையில காயவச்சு எடுத்துட்டேன். உன்மேல வச்சிருந்த நம்பிக்கையை எந்தப் பாறையில காயவைக்க?" என்றது நீர்நாய்.

நம்பியவரின் கஷ்டத்தில் ஆதாயம் தேடுகிறவன், இழந்த நம்பிக்கையை ஒருநாளும் திரும்பப் பெற மாட்டான்.