சிறகைத் தூக்கிய நீர்க்கோழி

நெடுங்குன்றின் அடிவாரக் காட்டில் புங்கங்குளம் என்று ஒரு குளம் இருந்தது. குன்றிலிருந்து ஓடிவரும் மழைத் தண்ணீரை அங்கே ஒரு மண்கரை தாங்கி நின்றது. கரை முழுக்க நாணலும் கோரையும் அடர்ந்து வளர்ந்திருந்தன. அவற்றின் வேர்கள்தான் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன. அதனால் கரையில் யாரும் தோண்டக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம்.

காட்டுக்கென்று ஒரு பஞ்சாயத்து இருந்தது. வெண்காலி என்ற காட்டெருமைதான் தலைவி. நல்ல மனசு. ஆனால் புகழ்ச்சி என்றால் அதற்கு உயிர். குரங்கு துணைத் தலைவர். மயில், முள்ளம்பன்றி, முயல், கட்டையன் என்ற காட்டுப்பன்றி ஆகியவை உறுப்பினர்கள்.

மாதம் ஒரு முறை அத்திமரத்தடியில் கூட்டம் நடக்கும். முதலில் குரங்கு எழுந்து வரவேற்புரை நிகழ்த்தும்.

"எங்கள் காட்டின் விடிவெள்ளியே! கொம்பில் வீரமும் கண்ணில் ஈரமும் கொண்ட தலைவியே!"

பிறகு தலைவிக்குப் பூங்கொடி மாலை. அடுத்து துணைத் தலைவருக்கு மாலை. அதற்கப்புறம் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் மாலை. இதெல்லாம் முடிவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். எல்லோருக்கும் வயிறு கபகபவென்று எரியும். பக்கத்திலேயே விருந்துக்கு அத்திப்பழம் குவித்து வைத்திருப்பார்கள். வாசனை மூக்கைத் துளைக்கும்.

அந்த நேரத்தில்தான் தீர்மானங்கள் வரும்.

"சம்மதமா?" என்று வெண்காலி கேட்கும்.

"சம்மதம்! சம்மதம்!" என்று எல்லாம் காலைத் தூக்கும். என்ன தீர்மானம் என்று யாரும் கேட்டதில்லை.

கட்டையன் இதைக் கவனித்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் வேடிக்கைக்காக எழுந்து நின்றது.

"தலைவி அவர்களே! நாளை முதல் சூரியன் மேற்கே உதிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன்!"

"சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்!"

"தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது! வாருங்கள், சாப்பிடலாம்!" என்றது வெண்காலி.

கட்டையன் அசந்து போய்விட்டது. "அடேயப்பா! இவர்கள் காதில் எதுவுமே விழவில்லையா!"

வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னது. "கேட்டாயா? இனி நமக்குக் கோரைக்கிழங்குக்குப் பஞ்சமே இல்லை!"

"கோரைக்கிழங்கா? அது கரையில் அல்லவா இருக்கிறது! தோண்டினால் பஞ்சாயத்து சும்மா விடுமா?" என்றது மனைவிப் பன்றி.

"பஞ்சாயத்தே தோண்டச் சொன்னால்?" என்று சிரித்தது கட்டையன்.

அடுத்த மாதக் கூட்டம் வந்தது. குளத்துப் பறவைகளின் சார்பில் ஒரு புதிய உறுப்பினரும் அன்று வந்திருந்தது. அல்லி என்ற நீர்க்கோழி. கரையோர நாணலுக்குள்தான் அதன் கூடு. கூட்டில் முட்டைகள் இருந்தன. கணவன் அடைகாத்துக்கொண்டிருக்க, அல்லி கூட்டத்துக்கு வந்திருந்தது.

பெரிய பெரிய விலங்குகளுக்கு நடுவில் உட்கார அதற்குக் கூச்சமாக இருந்தது. குரங்கு அதன் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டது. மாலை அல்லியைவிடக் கனமாக இருந்தது.

வெயில் ஏறியது. கட்டையன் எழுந்தது.

"தலைவி அவர்களே! குளத்தின் கரையைப் பலப்படுத்த வேண்டும். அதற்காகக் கரையிலுள்ள கோரையை வேரோடு கிளறி எடுக்கும் வேலையை எனக்கும் என் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன்!"

"சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்!"

அல்லிக்குத் திக்கென்றது. 'கோரையை வேரோடு எடுத்தால் கரை எப்படிப் பலப்படும்? இடிந்தல்லவா விழும்?' கேட்க வேண்டும் என்று அலகைத் திறந்தது.

எல்லோரும் தன்னையே பார்ப்பது அதற்குத் தெரிந்தது. மயிலின் கால் மேலே. முள்ளம்பன்றியின் கால் மேலே. தலைவியின் பெரிய கொம்புகளும் தன் பக்கமே திரும்பியிருந்தன.

"சீக்கிரம் தூக்கு அல்லி! நீதான் பாக்கி. எல்லோருக்கும் பசி!" என்று முயல் காதோரம் முணுமுணுத்தது.

'இத்தனை பெரியவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது?' என்று அல்லி நினைத்தது. மெல்லச் சிறகைத் தூக்கியது.

"ஏகமனதாக நிறைவேறியது!"

விருந்து முடிந்து விலங்குகள் நிழலில் கண் அயர்ந்தன. கட்டையன் குடும்பத்தோடு கரைக்குப் போய்விட்டது. மூக்கால் முட்டியது. கோரைப்பல்லால் கிளறியது. கிழங்கு கிழங்காக வந்தது. குட்டிகள் குதியாட்டம் போட்டன.

அல்லி வீடு திரும்பியபோது தூரத்தில் மண் பறப்பதைப் பார்த்தது.

"என்ன அது?" என்று கேட்டது கணவன் நீர்க்கோழி.

"பஞ்சாயத்து வேலை."

"கரையைத் தோண்டுவதா? நீ அங்கேதானே இருந்தாய்? என்ன சொன்னாய்?"

அல்லி போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை குன்றின் மேல் இடி இடித்தது. சற்று நேரத்தில் ஓடையில் செந்தண்ணீர் பாய்ந்து வந்தது. அல்லி இரை தேடப் போயிருந்தது. கணவன் கூட்டில் இருந்தது. திடீரென்று பெரும் சத்தம்! நடுக்கரை உடைந்தது! தண்ணீர் மரங்களைச் சாய்த்துக்கொண்டு பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது!

"கரை உடைந்துவிட்டது! ஓடி வாருங்கள்!" என்று மயில் அலறியது.

காடே திரண்டு ஓடிவந்தது. பார்த்த கண்கள் பார்த்தபடி நின்றன. நேற்று வரை தளும்பிய குளம் கண்ணெதிரே வடிந்துகொண்டிருந்தது. மீன்கள் சேற்றில் துள்ளின. நாணல் நின்ற இடத்தில் நாணலே இல்லை.

வெண்காலி ஒரு நொடி திகைத்து நின்றது. பிறகு எதுவும் பேசாமல் உடைப்புக்குள் இறங்கியது. தன் பெரிய உடம்பைக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டது. தண்ணீர் அதன் விலாவில் மோதியது. பாய்ச்சல் பாதியாகக் குறைந்தது.

"மண் கொண்டு வாருங்கள்! கல், கட்டை, எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள்! எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று எனக்குத் தெரியாது!" என்று அது கத்தியது.

அல்லி பறந்து வந்து சேர்ந்தது. கணவன் நீர்க்கோழி ஒரு கல்லின் மேல் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"முட்டைகள்?" என்றது அல்லி.

கணவன் தலையைத் திருப்பிக்கொண்டது.

அல்லிக்கு அழுகைகூட வரவில்லை. நாணல் இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"யார் செய்த வேலை இது?" என்று குரங்கு கூச்சலிட்டது. "இதோ! கட்டையனின் மூக்கில் ஈர மண் ஒட்டியிருக்கிறது! இவன்தான் தோண்டியிருக்கிறான்!"

"ஆமாம், நான்தான் தோண்டினேன். நீங்கள் கொடுத்த வேலைதானே?" என்றது கட்டையன்.

"பொய்!"

"பொய்யா? அத்திமரத்தடியில் எல்லோர் முன்னாலும் வாய் திறந்து சொன்னேனே! கோரையை வேரோடு கிளறி எடுப்பேன் என்றேனே! நீங்கள் எல்லோரும் சம்மதம் சொல்லவில்லையா?"

விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"எனக்கு ஒரே பசி... எதைப் பற்றிய தீர்மானம் என்றே தெரியாது" என்றது முயல்.

"நான் தோகையைக் கோதிக்கொண்டிருந்தேன்" என்றது மயில்.

உடைப்பில் கிடந்த வெண்காலி தலையைத் தூக்கியது. "நான் கழுத்து மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானா... நானா இதற்குச் சம்மதம் கேட்டேன்?"

"இது மட்டுமா? போன மாதம் சூரியன் மேற்கே உதிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டதும் நீங்கள்தான்!" என்றது கட்டையன்.

"என்ன! அப்படி ஒரு தீர்மானமா!"

குளம் உடைந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. முள்ளம்பன்றியின் முட்கள் தாமாகவே சிலிர்த்து நின்றன.

குரங்குக்கு வெட்கம் கோபமாக மாறியது. "இந்த அயோக்கியனை இப்போதே காட்டைவிட்டுத் துரத்த வேண்டும்! இந்த நிமிஷமே துரத்த வேண்டும்! சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்!" கால்கள் எல்லாம் மேலே போயின.

"எனக்குச் சம்மதமில்லை!"

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சொன்னது அல்லி!

"அல்லி! உனக்குப் பைத்தியமா? உன் முட்டைகளைக் கொன்றவனுக்கா பரிந்து பேசுகிறாய்?" என்று குரங்கு கத்தியது.

"பரிந்து பேசவில்லை அண்ணே. நேற்று உங்கள் காதில் எதுவும் விழவில்லை. என் காதில் விழுந்தது. கரை இடியும் என்றும் புரிந்தது. ஆனாலும் சிறகைத் தூக்கினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் முட்டைகள் கூட்டில் இருக்கும். இன்றைக்குக் கேட்காமல் விடமாட்டேன்." அல்லி கட்டையனின் எதிரே போய் நின்றது. "நடுக்கரை உடைந்துவிட்டது. வேறு எங்கே எல்லாம் தோண்டினாய்?"

கட்டையனின் சின்னக் கண்கள் கிழக்குப் பக்கம் போயின.

"கிழக்குக் கரையில்... கிழக்குக் கரையில் குடைந்திருக்கிறோம். ஐயோ! என் குட்டிகள்! குட்டிகள் இன்னும் அங்கேதான் கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கின்றன!"

அது சொல்லி முடிப்பதற்குள் அல்லி பறந்துவிட்டது.

கிழக்குக் கரையில் பொந்து வாய்க்கு மேலே மண் விரிசல் விட்டிருந்தது. உள்ளே குட்டிகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வெளியே வாருங்கள்! கரை விழப்போகிறது!" என்று அல்லி கத்தியது.

"போ அத்தை! அப்பா சொன்னால்தான் வருவோம்!"

அல்லி பொந்துக்குள் நுழைந்தது. முதலில் அகப்பட்ட குட்டியின் காதை அலகால் நறுக்கென்று கொத்தியது. குட்டி வீறிட்டு வெளியே ஓடியது. அடுத்ததையும் கொத்தியது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தன. கடைசியில் அல்லி வெளியே வரவும், பொந்து தொப்பென்று உள்ளே அமுங்கவும் சரியாக இருந்தது. கரை ஓரடி இறங்கி நின்றது.

மூச்சிரைக்க ஓடிவந்த கட்டையன் அதைப் பார்த்தது. குட்டிகளைப் பார்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"உட்கார நேரமில்லை!" என்றது அல்லி. "தோண்டிய இடமெல்லாம் உனக்குத்தான் தெரியும். காட்டு! அடைக்கலாம்!"

கட்டையன் முன்னால் ஓடியது. காட்டிய குழிகளில் எல்லோரும் மண்ணையும் கல்லையும் தள்ளினார்கள். முயல் மிதித்தது. முள்ளம்பன்றி கட்டைகளை உருட்டி வந்தது. துரத்தச் சொன்ன குரங்கும் கட்டையனும் ஒரே பாறையை இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளின. கிழக்குக் கரை நின்றது. பிறகு நடுக்கரை உடைப்பையும் அடைத்தார்கள். சாயங்காலம் வெண்காலி எழுந்தபோது அதன் விலா முழுவதும் தோல் உரிந்திருந்தது.

கட்டையன் தயங்கித் தயங்கி அல்லியின் அருகே வந்தது. "தங்கச்சி... நான் உனக்குச் செய்தது என்ன, நீ எனக்குச் செய்தது என்ன! என்னை மன்னிப்பாயா?"

"எனக்குத் தெரியவில்லை. போய் நாணல் நடு" என்றது அல்லி.

அந்தக் கோடையில் குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. யாரும் குளிக்கவில்லை, புரளவில்லை. குடிக்க மட்டும் வைத்துக்கொண்டார்கள். கட்டையன் குடும்பம் நாள்தோறும் கரையில் நாணல் நட்டது. வெண்காலி கூட்டத்தில் மாலை வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போதெல்லாம் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அல்லி மட்டுமல்ல, முயல்கூட எழுந்து கேள்வி கேட்கிறது. கூட்டம் முடிவதற்குள் பசி உயிர் போகிறது என்று குரங்கு இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறது.

பிள்ளைகளே, எல்லோரும் கை தூக்குகிறார்களே என்று தானும் கேட்காமல் கை தூக்குகிறவர், அதனால் வரும் கேட்டில் தானும் ஒரு பங்காளி ஆகிறார்.