ஐந்தாம் வார்த்தை

சீயோன்விளைக்காரர்கள் வெளியூருக்குப் பெண் எடுக்கப் போனாலும் சரி, துக்கம் கேட்கப் போனாலும் சரி, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் திரும்ப மாட்டார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால், மூன்று மணிக்கு ஆசீர்வாதம் கூறும்வரை எங்கள் கோயிலில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை என்பார்கள். ஒரு வருஷம் பிரசங்கம் நடக்கும்போது கூரையிலிருந்து ஓடு விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். இன்னொரு வருஷம் ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது. ஆசீர்வாதத்துக்கு 'ஆமென்' சொல்லிவிட்டுத்தான் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தாள். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேனிலேயே பிறந்தது.

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் அன்று ஏழு பிரசங்கம். 'தாகமாயிருக்கிறேன்' என்பது ஐந்தாம் வார்த்தை. வழக்கமாக அதற்கு வெளியூரிலிருந்து பெரிய பிரசங்கியார் ஒருவர் வருவார். அந்த வருஷம் அதை அருமைநாயகத்துக்குக் கொடுத்தார் ஐயரம்மா.

குருவானவரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிட்டுப் பழகிய ஊர் அது. கிறிஸ்டபெல் என்ற பெண்ணே குருவானவராக வந்து இறங்கியபோது ஊர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, அவரையே ஐயரம்மா என்றது. அவருடைய கணவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

அருமைநாயகம் ஐயரம்மாவைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். தூத்துக்குடி கோர்ட்டில் பேர் பெற்ற வக்கீல். தொழிலை விட்ட பிறகு அஞ்சல் வழியில் இறையியல் படித்து, சம்பளம் வாங்காத கௌரவ குருவாக வேண்டும் என்று நின்றார். அதற்கு ஒரு வருஷம் ஒரு குருவானவரிடம் ஊழியம் பழக வேண்டும். அவர் 'சரி' என்று சொன்னால்தான் பேராயர் தலையில் கை வைத்துக் குருவாக்குவார். அந்த வருஷம் ஈஸ்டரோடு முடிகிறது. ஐயரம்மா இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அருமைநாயகத்தின் முதல் பிரசங்கத்தில் கிரேக்கச் சொற்கள் நிறைய இருந்தன. சபை மரியாதையாகத் தூங்கியது. அன்று மாலை அவர் ஐயரம்மாவிடம் கேட்டார்.

"வசனத்த ஜனங்களோட வாழ்க்கையில கொண்டுபோய் எப்படிம்மா சேக்கிறது?"

"செருப்பப் போடுங்க அண்ணாச்சி. நாலு வீடு போயிட்டு வருவோம்" என்றார் ஐயரம்மா.

 அன்றிலிருந்து அருமைநாயகம் அவரோடு வீடு வீடாகப் போனார். போன இடத்திலெல்லாம் சாட்சியை விசாரிப்பதுபோல விசாரித்தார். சீயோன்விளையில் கிணறும் போர்வெல்லும் உப்பாகிவிட்டன. குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். கோயில் மதிலை ஒட்டிப் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அந்த வரிசையில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

"லாரி எந்த நேரத்துக்கு வரும்?"

"அது எங்க நேரத்துக்கு வராது வக்கீலய்யா. அது நேரத்துக்கு நாங்க வருவோம்" என்றாள் செல்வத்தங்கம். பனைநார்ப் பெட்டி முடைகிறவள். கை நிற்கவில்லை.

"வராத நாள்ல என்ன செய்வீங்க?"

"இதெல்லாம் கேட்டு என்ன செய்யப் போறீய? கேஸ் போடவா?"

"பிரசங்கத்துக்கு."

"அப்ப சரி. கேஸ்னா வாய்தா வாங்கிருவியளேன்னு பயந்தேன்."

அருமைநாயகமும் சிரித்துவிட்டார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் தம் பிரசங்கத்தை ஐயரம்மாவிடம் வாசித்துக் காட்டினார். கிரேக்கம் ஒரு சொல்கூட இல்லை. லாரி இருந்தது. குடம் இருந்தது. வெயில் இருந்தது. 'கல்வாரியிலும் ஒரு குடம் வரிசையில் நின்றது, அதை நிரப்ப ஆளில்லை' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தார்.

ஐயரம்மா மறுநாளைக்கான வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

"குறை ஏதும் இருந்தா சொல்லுங்க."

"நல்லா இருக்குன்னுதான சொன்னேன்."

"அப்ப பேராயர்கிட்ட..."

"இஸ்திரி சூட்டுல கையை வச்சிராதீங்க அண்ணாச்சி. அங்கிட்டு உக்காருங்க" என்றார் ஐயரம்மா.

மறுநாள் பீடத்தில் கறுப்புத் துணி. மணி அடிக்கவில்லை. கோயில் நிறைய வெள்ளை உடுப்பு. முக்கால்வாசிப் பேர் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தார்கள். அன்று அரசு விடுமுறை. லாரி வராது என்று எல்லோருக்கும் தெரியும். குடங்கள் மட்டும் மதிலோரம் வரிசையாக நின்றன.

நான்காம் வார்த்தை முடிந்து, சிலுவைப் பாடுகளைச் சொல்லும் பாடு கீர்த்தனை ஓய்ந்ததும் அருமைநாயகம் அங்கி அணிந்து, வெறுங்காலோடு பிரசங்க பீடத்தில் ஏறினார். ஆரம்பத்திலேயே சபை அவர் கைக்கு வந்துவிட்டது. எத்தனையோ நீதிபதிகளின் முகத்தைப் படித்தவருக்கு அது தெரியும். தூங்கும் தலை ஒன்றுகூட இல்லை. செல்வத்தங்கம் முன் வரிசைக்கு அடுத்த வரிசையில் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களை எனக்குத் தெரியும், இவர்கள் பாஷை எனக்கு வந்துவிட்டது என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது ஹாரன் கேட்டது.

மதிலுக்கு வெளியே லாரி வந்து நின்றது. எப்படி வந்ததோ, வந்துவிட்டது. நீளமாக இன்னொரு ஹாரன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு முகம்கூடத் திரும்பவில்லை. பெண்களின் முதுகு மட்டும் இன்னும் கொஞ்சம் நேரானதுபோல இருந்தது. செல்வத்தங்கம் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

அருமைநாயகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்குமேல் ஓர் உவமை எந்தப் பிரசங்கிக்குக் கிடைக்கும்? கையிலிருந்த தாளை மடித்து வைத்தார்.

"கேட்டீர்களா அந்தச் சத்தத்தை?" என்றார். "அது உங்களுக்குத் தெரிந்த சத்தம். அது தாகத்தின் சத்தம். கல்வாரியிலும் கேட்டது அதுதான்!"

ஹாரன் அடித்தது. அவர் அதற்குமேல் குரலை உயர்த்தினார். வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. சொற்கள் தாமாக வந்தன. பீடத்தின் அருகே இருந்த ஐயரம்மா நாற்காலியை விட்டு எழுந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். லாரிக்காரனைச் சத்தம் போட்டு அனுப்பப் போகிறார் என்று அருமைநாயகம் நினைத்தார். அதுவும் நல்லதுதான்.

"அந்தத் தாகத்துக்கு அன்று யார் தண்ணீர் கொடுத்தார்?" என்று கேட்டு நிறுத்தினார். வக்கீல்கள் நிறுத்துகிற மாதிரி. கேள்வி உள்ளே இறங்குவதற்கு.

அந்த நிசப்தத்தில் வெற்றுக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே மதிலோரம் தெரியும். ஐயரம்மா அங்கியை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, லாரியின் குழாயைக் கக்கத்தில் இடுக்கியபடி முதல் குடத்தின்மேல் குனிந்திருந்தார். குழாய் துள்ளியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குடத்தை நகர்த்த அவரால் முடியவில்லை. தண்ணீர் மண்ணில் கொட்டியது.

அருமைநாயகம் சபையைப் பார்த்தார். சபை அவரைப் பார்த்தது. சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது. எல்லாம் நல்ல வரிகள்.

அவர் பிரசங்க பீடத்திலிருந்து இறங்கினார். கடைசிப் படியில் அங்கி தடுக்கியது. அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கோர்ட் வராந்தாவில்கூட வேகமாக நடந்து பழக்கமில்லாதவர். வெளியே உச்சி வெயிலில் செம்மண் கொதித்தது. செருப்பு வாசல் பக்கம் கிடந்தது. அதைப் போய் எடுத்துவரத் தோன்றவில்லை.

லாரிக்காரன் வாயைப் பிளந்தான்.

"இன்னொரு ஐயரா? உள்ள எத்தன பேருய்யா இருக்கிய?"

"இவரு இன்னும் ஆகல" என்றார் ஐயரம்மா. "அண்ணாச்சி, குழாய நான் பிடிக்கேன். நீங்க குடத்த மாத்துங்க. வரிசை கலையக் கூடாது. கலைஞ்சா நம்ம ரெண்டு பேரையும் உயிரோட விட மாட்டாங்க."

"சீக்கிரம்மா. இன்னும் ரெண்டு ஊரு பாக்கி" என்றான் லாரிக்காரன். "நாளைக்கு லாரி ஓடாது, அதான் இன்னிக்கே வந்தேன். பொம்பளையளக் கூப்பிட்டா ஒரு நிமிஷத்துல முடியும்லா?"

"கூப்பிட மாட்டேன்."

"ஏன், கூப்பிட்டா வர மாட்டாவளா?"

"நான் கூப்பிட்டா வருவாங்க. அதான் கூப்பிட மாட்டேன்."

லாரிக்காரன் தலையைச் சொறிந்தான். பிறகு இறங்கி வந்து அவனும் ஒரு குடத்தைப் பிடித்தான்.

உள்ளே யாரோ ஒரு பாடு கீர்த்தனையைத் தொடங்கினார்கள். ஒரு பெண் குரல். இரண்டாம் வரியில் கோயில் முழுக்கச் சேர்ந்துகொண்டது. ஆண்கள் குரல் கீழே, பெண்கள் குரல் மேலே, இழுக்காமல், அவசரப்படாமல். அருமைநாயகம் குடத்தைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"யாரும்மா பாடச் சொன்னது?"

"யாரும் சொல்லல" என்றார் ஐயரம்மா. வேர்வை வழிந்த முகத்தில் அவர் மறைக்க நினைத்தும் மறையாத ஒரு செருக்கு இருந்தது. "என் சபை அண்ணாச்சி அது. அடுத்த குடம்."

கடைசிக் குடமும் நிரம்பியபோது கீர்த்தனையின் கடைசிச் சரணம் போய்க்கொண்டிருந்தது. ஐயரம்மா ஈர அங்கியோடு போய் ஆறாம் வார்த்தைக்குப் பிரசங்கம் செய்தார். சுருக்கமாகத்தான் பேசினார். ஏழாம் வார்த்தையும் முடிந்து, ஆசீர்வாதம் கூறி, ஜனங்கள் எழுந்தார்கள். அன்றைக்குக் கோயிலைவிட்டுப் பேசாமல் கலைவதுதான் முறை. மதிலைத் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. மதிலைத் தாண்டியதும் செல்வத்தங்கத்தின் குரல் கேட்டது.

"எய்யா, குடத்தக் கழுவாமலா பிடிச்சிய? அடியில மண்ணு கெடக்கு!"

அருமைநாயகம் பதில் சொல்வதற்குள் கோயில் உபதேசியார் கவலையோடு வந்தார். "ஐயரம்மாவும் வக்கீலும் பாதியில எழுந்து போயிட்டாங்களே. நாளைக்கு அடுத்த ஊர்க்காரன் கேட்டா என்ன சொல்றது?"

"சபைதானய்யா எழுந்திரிக்கக் கூடாது" என்றாள் செல்வத்தங்கம், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "சபை எழுந்திரிச்சுதா? கேக்கிறவனை எங்கிட்ட அனுப்பும்."

அவள் நடந்தாள். பின்னால் மற்றப் பெண்களும் வரிசையாக, முதுகு நிமிர்ந்து, சிந்தாமல் நடந்தார்கள். அருமைநாயகம் அவர்கள் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கி மாற்றும் அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பாதமும் சிவந்து, ஓரங்களில் கொப்புளம் எழும்பியிருந்தது. ஐயரம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"என் பிரசங்கம் முடியல, ஐயரம்மா."

"ஆமா."

"இதுக்குமேல எனக்கு வருஷமும் இல்ல. ஈஸ்டர் கழிஞ்சு பேராயரப் பாக்கப் போறீங்க. என்ன சொல்லப் போறீங்கன்னு மட்டும் இப்பவே சொல்லிருங்க. எதுன்னாலும் சரி."

 ஐயரம்மா அங்கியின் ஓரத்தைக் கையில் எடுத்துப் பிழிந்தார்.

"சிலுவையில இருந்தவரு தாகத்துக்குப் புளிச்ச காடி கொண்டுபோய்க் கொடுத்தானே ஒருத்தன். மத்தேயு அவனப் பத்தி என்ன எழுதியிருக்காரு?"

"ஓடினான்னு எழுதியிருக்காரு."

"மாற்கு?"

"அவரும் அப்படித்தான். ஒருத்தன் ஓடினான்."

"பேரு?"

அருமைநாயகம் யோசித்தார். யோசிக்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் யோசித்தார்.

"பேரு இல்லம்மா. ரெண்டு பேருமே எழுதல."

"அவங்க விட்டுட்டாங்க" என்றார் ஐயரம்மா. "பேராயர்கிட்ட நான் ஓடினவரு பேரச் சொல்லிருதேன்."