பூவன்துறையின் வெள்ளிப் பெட்டி

முத்துக் குளிக்கும் கரையில் பூவன்துறை என்றொரு ஊர். அவ்வூர்க் கோவிலில், புனிதர் ஒருவரின் அங்கித் துண்டு வெள்ளிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி போர்த்துக்கல்லிலிருந்து கப்பலில் வந்தது. மூடியில் முத்துச்சிப்பி பதித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். பிரசவ வலி நீண்டால், பெட்டியைத் தண்ணீரில் முக்கி, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது ஊர் வழக்கம்.

கத்தோலிக்கப் பாதிரியார்களைத் துரத்தும் ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், கப்பல்கள் வருவதாகச் சேதி வந்ததும் கோவில் பாதிரியார் மனுவேல் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. கோவிலைப் பெருக்கி விளக்கேற்றும் கித்தேரியிடம் பெட்டியை ஒப்படைத்தார். "நான் திரும்பி வரும்வரை இதை யார் கையிலும் கொடுக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து கித்தேரியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டியை அடுப்படியில் புதைத்தாள். தோண்டி எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். பிறகு அரிசிப் பானைக்குள் வைத்தாள். நாய் குரைத்தால் வாசலுக்கு ஓடினாள்.

ஒரு நாள் பஸ்தியான் என்ற முத்துக்குளிப்பவன் மூச்சிரைக்க வந்தான். அவன் மனைவிக்கு மூன்று நாளாக வலி.

"அக்கா, பெட்டியைத் தாங்க. செத்துப் போயிடுவா."

"சத்தியம் பண்ணியிருக்கேன், பஸ்தியான். தர முடியாது."

அவன் மனைவிக்காக ஜெபிக்கக் கித்தேரி அழுதுகொண்டே கோவிலுக்குப் போனாள். பஸ்தியான் அவள் வீடெல்லாம் தேடி, பானையைக் கவிழ்த்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

தண்ணீர் குடித்த மனைவி பிழைத்தாள்; பிள்ளையும் பிழைத்தது. ஆனால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வரும் வழியில் ஒல்லாந்தரின் சிப்பாய்கள் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். பறிபோய்விடுமே என்று பயந்து அதைக் கடலில் எறிந்தான். நான்கு நாள் முங்கி முங்கித் தேடி எடுத்தபோது மூடி திறந்திருந்தது. துணி இல்லை. வெறும் பெட்டியைக் கித்தேரியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னான்.

ஒரு வருடம் கழித்துப் பாதிரியார் வியாபாரி வேடத்தில் கித்தேரி வீட்டுக்கு வந்தார். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினார்.

"இது நம் மூன்று பேரோடு போகட்டும். சனங்களுக்கு இருக்கிற தைரியமே இதுதான், மகளே."

பெட்டித் தண்ணீர் கேட்டு நிறைமாதக்காரி பிரகாசி வாசலில் நின்றிருந்தாள். கித்தேரி வெளியே வந்து, "பெட்டிக்குள்ளே ஒண்ணும் இல்லை, பிரகாசி" என்று சொல்லிவிட்டாள்.

உயிரைக் காக்கத் திருடினான் பஸ்தியான். ஊருக்காக மறைக்கச் சொன்னார் பாதிரியார். கித்தேரி உண்மையைப் போட்டு உடைத்தாள். இதில் யார் செய்தது சரி?

கித்தேரி செய்ததுதான். அவளிடமும் பிழை உண்டு: பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்தியானோடு போயிருந்தால் சத்தியமும் கெட்டிருக்காது, திருட்டும் நடந்திருக்காது. பஸ்தியானை மன்னிக்கலாம், செய்தது சரி என்று சொல்ல முடியாது. பாதிரியார் இரக்கப்பட்டுத்தான் மறைத்தார். ஆனால் வலியில் கிடப்பவளுக்குத் தான் குடிப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகும் பிரகாசி போய்விடவில்லை.

"இத்தனை காலம் அந்தத் துணி கிடந்த பெட்டிதானே, அக்கா? முக்கித் தாங்க" என்றாள்.