ஆறு விறகு ஜாடி

முன்னொரு காலத்தில் என்று தொடங்க முடியாது, போன மாதம்தான். தெற்கே ஓர் ஊரில், ஒரு செல்போனுக்குள், ஒரு சீட்டுக்கட்டு குடியிருந்தது. கட்டில் மொத்தம் ஆறே பேர். கடுகு, மிளகு, இஞ்சி, வற்றல், காந்தாரி மிளகாய், ஓர் ஊறுகாய் ஜாடி. கட்டுக்குக் 'காரப் படை' என்று பெயர்.

ஆட்டம் எளியது. எதிரும் புதிருமாக இரண்டு நாக்குகள், நாக்குக்கு இருபது உயிர். காரக்காரர்கள் எதிர் நாக்கை எரிப்பார்கள். இனிப்புக்காரர்கள் எதிர் நாக்கைத் திகட்டச் செய்வார்கள். சீட்டை இறக்க விறகு வேண்டும். முதல் சுற்றில் ஒரு விறகு கிடைக்கும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. இறங்கி அடிபட்டவர்கள் எச்சில் இலையில் போய் விழுவார்கள். தாக்குப்பிடிக்க முடியாத ஆள் ஓரத்தில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பைத் தொட்டால் தோல்வி.

கடுகுக்கு ஒரு விறகு போதும். மிளகுக்கு இரண்டு. இப்படியே ஏறி, காந்தாரிக்கு ஐந்து. ஜாடியின் மூலையில் மட்டும் ஆறு என்று எழுதியிருந்தது. ஊறுகாய்க்கு எதற்கு விறகு என்று கேட்காதீர்கள். இந்த விளையாட்டைச் செய்தவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தவராகத் தெரியவில்லை.

ஜாடி இதுவரை ஒரு தடவைகூடக் களத்தில் இறங்கியதில்லை. மூன்று மாதமாக ஆட்டம் தவறாமல் கையில் வந்து நிற்பாள். கடுகு பொரிந்துகொண்டு ஓடும். மிளகு ஊரையே தும்ம வைத்துக்கொண்டு போகும். கடைசியில் காந்தாரி தொடையைத் தட்டிக்கொண்டு பாய்வான். அதோடு ஆட்டம் முடிந்துவிடும். ஜாடி வாயில் கட்டிய துணி அவிழாமல் அப்படியே வீடு திரும்புவாள்.

"ஆறாவது சுத்துன்னு ஒண்ணு உண்டா தம்பி?" என்று ஒரு நாள் காந்தாரியிடம் கேட்டாள்.

"யாரு சொன்னா? அஞ்சோட உலகம் முடிஞ்சுரும். நான் கடைசியா இறங்குதேன்லா, எனக்குத் தெரியாதா? எனக்கப்புறம் ஒண்ணுங் கெடையாது."

"அப்போ என் மூலையில ஆறுன்னு போட்டிருக்கே?"

"அது அழகுக்குப் போட்டது யக்கா" என்றது கடுகு. "பூ போடுததுக்குப் பதிலா எண்ணு போட்டிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜாடியும் சிரித்து வைத்தாள். கூட்டத்தில் தனியாக அழுதால் இன்னும் கேவலம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, களத்தின் மண்ணில் தன் அடிப்பாகம் பட வேண்டும். இறங்கினால் தான் என்ன செய்வாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அது அவள் வயிற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தது. வயிறு பெரிதென்பதால் அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தும் படிக்கவில்லை. காரப் படையில் யாருக்கும் படிக்கிற பழக்கம் இல்லை.

சீட்டுக்குச் சொந்தக்காரியும் லேசுப்பட்டவள் அல்ல. அவள் பெயர் எப்சிபா. கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி அளவு பார்க்கிறவள். தினமும் நூறு பேரை உட்காரவைத்து, "கடைசி வரியப் படிங்க, அந்தச் சின்ன எழுத்த" என்று அதட்டுவாள். தன் கையிலிருக்கும் சீட்டின் சின்ன எழுத்தை ஒரு நாளும் படித்ததில்லை. ஜாடியைக் கட்டில் சேர்த்ததே படம் அழகாக இருக்கிறது என்பதற்காகத்தான்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் ஐந்து நிமிடம்தான் அவளுடைய விளையாட்டு நேரம். அதனால்தான் காரம். வந்தோமா, எரித்தோமா, ஏறினோமா என்று இருக்க வேண்டும். ஐந்தாவது சுற்று முடிகிற நேரத்தில் பஸ் வந்துவிடும். எதிர் நாக்கு அதற்குள் வெந்திருந்தால் வெற்றி. வேகாவிட்டால் சொம்பைத் தொட்டுவிட்டு ஓடுவாள். மூன்று மாதமாகச் சொம்புக்குத்தான் நல்ல வேலை.

எதிராளி அதே பெஞ்சில், தன் செல்போனோடு, பக்கத்தில் இருப்பவள். பிரேமகுமாரி. தாலுகா ஆபீசில் வேலை, அடுத்த பஸ்ஸில் போனால் போதும். அதனால் அவளுடையது இனிப்புப் படை. முதல் சுற்றில் ஒன்றுமே செய்யாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள். அப்புறம் கல்கண்டு, அப்புறம் ஜிலேபி, அப்புறம் பாயசம் என்று பந்தி விசாரிப்பதுபோல நிதானமாக இறக்குவாள்.

அன்றைக்குக் காலையில் ஆட்டம் தொடங்குமுன் பிரேமகுமாரி சொன்னாள்: "எப்சி, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காத. இவ்வளவு வேகமான கட்டுல அந்த ஜாடி எதுக்கு? மூணு மாசமா சும்மா நிக்கி. அத அம்மியில போட்டு அரைச்சிரு. அந்தப் பொடிக்கு இன்னொரு கடுகு கெடைக்கும்லா."

அம்மி என்பது ஆட்டத்தில் ஒரு மூலை. வேண்டாத சீட்டை அதில் போட்டால் பொடியாகும். பொடியைக் கொடுத்து வேறு சீட்டு வாங்கலாம்.

"நீங்க சொல்லுததும் சரிதான்க்கா" என்றாள் எப்சிபா. "பஸ்ல உக்காந்த உடனே அரைச்சிருதேன்."

ஜாடி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பஸ் வருவதற்கு இன்னும் ஐந்து நிமிடம். அப்படியென்றால் அவளுடைய ஆயுசும் ஐந்து நிமிடம்.

"வருத்தப்படாத யக்கா" என்றது மிளகு. சொல்லும்போதே தும்மல் வந்ததால் ஆறுதல் பாதியில் நின்றது.

ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் கடுகு பொரிந்தது. இரண்டாவதில் மிளகு போனது. மூன்றாவதில் இஞ்சி முறுக்கிக்கொண்டு இறங்கியது. நான்காவதில் வற்றல் கமறக் கமற வெளுத்து வாங்கியது. ஐந்தாவதில் காந்தாரி, "எல்லாரும் பாத்துக்கிடுங்க, உலகம் முடியப்போகுது!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தான்.

உலகம் முடியவில்லை. எதிர் நாக்கில் இன்னும் ஒன்பது உயிர் பாக்கி இருந்தது. பிரேமகுமாரி கெட்டிப் பாயசம் ஒன்றைக் கவிழ்த்தாள். அது களம் முழுவதும் வழிந்து ஐந்து பேரையும் அடித்துக்கொண்டு போய் எச்சில் இலையில் தள்ளியது. காந்தாரி ஒரு முந்திரிப் பருப்புக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தான். எப்சிபாவின் நாக்கில் மிஞ்சியது மூன்றே உயிர். அடுத்த ஜிலேபியில் அதுவும் திகட்டிவிடும்.

வழக்கமாக இந்த நேரத்தில் பஸ் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாரியிலிருந்து பலாப்பழங்கள் உருண்டு ரோடு முழுக்கக் கிடந்தன. பஸ்ஸிலிருந்தவர்கள் உதவி செய்ய இறங்கினார்கள். உதவி முடிந்தபோது ஆளுக்கொரு பலாப்பழம் கையில் இருந்தது. கண்டக்டர் கையில் இரண்டு.

அதனால், மூன்று மாதத்தில் முதல் தடவையாக, ஆறாவது விறகு வந்து விழுந்தது.

ஜாடியின் விளிம்பைச் சுற்றிப் பச்சை வெளிச்சம் படர்ந்தது. இறக்கலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த வெளிச்சம் தன் மேல் விழும் என்று அவள் நினைத்ததே இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"இது எந்த சுத்து?" என்று எச்சில் இலையிலிருந்து காந்தாரியின் குரல் வந்தது.

"ஆறாவது."

"அப்படி ஒண்ணு கெடையாதே!"

"அதுக்குள்ளதாண்டே நீ கெடக்க" என்றாள் ஜாடி.

ஓரத்திலிருந்து சொம்பு கனைத்தது. அது எப்போதும் தேன் ஒழுகப் பேசும். "வீணா ஏன் கஷ்டம்? கையில ஒரே ஒரு சீட்டு, அதுவும் ஜாடி. ஒரு வாய் குடிச்சிட்டுக் கெளம்பச் சொல்லுங்க. எல்லாருக்கும் நிம்மதி."

எப்சிபாவின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் சொம்பின் பக்கம் போனது. போனது, நின்றது. பஸ்ஸும் காணோம், செய்வதற்கு வேறொன்றும் இல்லை. வேலையில்லாத மனிதர்கள் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள். படித்தாள்.

"இறங்கியதும்..." என்று கண்ணைச் சுருக்கி, ஆஸ்பத்திரியில் மற்றவர்களைப் படிக்கச் சொல்வதுபோல எழுத்தெழுத்தாக வாய்விட்டே படித்தாள். "எச்சில் இலையில் கிடக்கும் காரங்களை எல்லாம் அள்ளி ஊறவைக்கும். ஊறியவை உடனே மறுபடி இறங்கும். ஆளுக்கு இரண்டு எரிச்சல்."

ஜாடி வாயடைத்துப் போனாள். வாயில் துணி கட்டியிருந்ததால் வெளியே தெரியவில்லை. 'நானா? இதெல்லாம் நானா செய்வேன்?' என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்து நின்றது. பலாப்பழ வாசனை முதலில் வந்தது, பஸ் பிறகு வந்தது.

"எப்சி, பஸ்ஸு!" என்று பிரேமகுமாரி எழுந்தே விட்டாள். எப்சிபாவின் பையை எடுத்து அவள் தோளில் மாட்டினாள். "தண்ணியத் தொட்டுட்டு ஓடு பிள்ள. லேட்டானா உங்க டாக்டரம்மா கத்துவாவ."

"யாரும்மா ஏறுதது? சட்டுனு ஏறுங்க!" என்று கண்டக்டர், மடியில் இரண்டு பலாப்பழத்தோடு, விசிலை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்.

கட்டைவிரல் சொம்புக்கும் ஜாடிக்கும் நடுவில் நின்றது. சொம்பு பளபளத்தது. ஜாடி கண்ணை மூடிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறினால் அம்மி. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"நீங்க போங்கண்ணே" என்றாள் எப்சிபா. "நான் அடுத்ததுல வாரேன்."

பஸ் போனது. கட்டைவிரல் இறங்கியது. ஜாடியின் அடிப்பாகம், முதல் தடவையாக, களத்தில் தொப்பென்று பட்டது.

வாயில் கட்டிய துணி தானாக அவிழ்ந்தது. நல்லெண்ணெய் வாசம் களம் முழுக்கப் பரவியது. ஜாடி எச்சில் இலைப் பக்கம் சாய்ந்தாள்.

"யக்கா, யக்கா, கொஞ்சம் பொறு" என்று காந்தாரி பதறினான். "எச்சில் இலையிலேருந்து எடுத்து ஊறுகாயா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? யாரு சாப்பிடுவாங்க?"

"சாப்பிடப்போறது எதிராளிதாண்டே. பேசாம உள்ள வா."

ஐந்து பேரும் உள்ளே விழுந்தார்கள். ஒரு நொடி எண்ணெயில் முங்கினார்கள். வெளியே வந்தபோது கடுகு எண்ணெய்ப் பளபளப்பில் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தது. மிளகுக்குத் தும்மல் நின்றிருந்தது. காந்தாரி முதல் தடவையாகக் கத்தாமல் வந்தான். காரப் படையின் வழக்கப்படி இறங்கிய கையோடு பாய்ந்தார்கள். ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு. எதிர் நாக்கிலிருந்த ஒன்பது உயிரும் எரிந்து, ஒன்று உபரியாகவே போனது. பிரேமகுமாரியின் பக்கத்துச் சொம்பு தானாகவே கவிழ்ந்தது.

எப்சிபா பெஞ்சிலிருந்து குதித்தாள். நிழலுக்கு வந்து பெஞ்சுப் பக்கம் நின்றிருந்த ஓர் ஆடு விலகிப் போய் நின்றது.

"யக்கா, இந்த ஜாடி இவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே! நீங்களும் படிக்கல பாத்தீங்களா?"

பிரேமகுமாரி முறுக்குப் பையை மடித்து வைத்தாள். "நான் மொத நாளே படிச்சிட்டேனே."

"படிச்சிட்டா அரைக்கச் சொன்னீங்க?"

"படிச்சதுனாலதானே பிள்ள அரைக்கச் சொன்னேன்."

எப்சிபாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்துவிட்டது. பிரேமகுமாரியும் சிரித்தாள். "இன்னும் ஒரே ஒரு சுத்து தாங்கியிருந்தா என் அல்வா அண்டா இறங்கியிருக்கும். ஏழு வெறகு. அதுவும் இன்னைவரைக்கும் இறங்கினதே இல்ல தெரியுமா" என்றாள்.

ஜாடியை யாரும் அரைக்கவில்லை. அன்று சாயங்காலம் எப்சிபா அவளைக் கட்டின் முகப்புப் படமாக வைத்தாள். கட்டுக்குள் அவளுடைய மரியாதையே வேறாகிவிட்டது. கடுகு அவளுக்கு வழிவிட்டது. எல்லாச் சந்தேகங்களையும் அவளிடம்தான் கேட்டார்கள்.

மறுநாள் காலை, ஆட்டம் தொடங்குமுன், காந்தாரி பவ்வியமாகப் பக்கத்தில் வந்து நின்றான்.

"யக்கா, ஒரு சந்தேகம். ஏழாவது சுத்துன்னு ஒண்ணு உண்டா?"

ஜாடி வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள். "யாரு சொன்னா? ஆறோட உலகம் முடிஞ்சுரும். நான் கடைசியா இறங்குதேன்லா, எனக்குத் தெரியாதா?"

எதிர்ப்பக்கத்தில், மூலையில் ஏழு என்று எழுதிய அல்வா அண்டா இதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றது.