தோர் என்றொரு பூனைக்குட்டி

அந்தக் காலத்தில், பனி மூடிய வடதேசத்தில், விலங்குகளும் மனிதர்களும் ஒரே பாஷையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இடியை ஆளும் தோர் முதலிய சாமிகளும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெயர் கொடுப்பவர், கூடவே ஒரு பரிசும் கொடுத்தாக வேண்டும். பரிசு இல்லாத பெயர் செல்லாது. பெயர் இல்லாத பிராணிக்கோ, பனி விழ ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்குள் இடம் கிடையாது.

மீனவன் உல்ஃபின் மனைவி ரூனா, கடற்கரையில் கிடந்த ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டியை எடுத்துவந்தாள். உள்ளங்கை அளவு உடம்பு, ஊரளவு வாய். உல்ஃப் மகா கஞ்சன். வீட்டிலிருக்கும் ஊசிகூடத் தன்னுடையது என்பவன். அவள் எதைப் பரிசாகக் கொடுப்பாள்? குட்டிக்குப் பெயரே வைக்க முடியவில்லை.

முதல் பனி விழுந்தது. உல்ஃப் குட்டியின் பிடரியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தான்.

"பேர் இல்லாததுக்கு இங்க இடமில்ல."

"அக்கா, ஏதாவது ஒரு பேர் வையேன்! வெளிய போனா விறைச்சே செத்துடுவேன்!" என்று குட்டி அலறியது.

ரூனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "தோர்! இதோட பேரு தோர்!" என்று கூரை அதிரக் கத்தினாள்.

சாமியின் பெயரைப் பிராணிக்கு வைக்க அதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. உல்ஃப் குட்டியைப் போட்டுவிட்டு மீன் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்தான். வானம் உறுமியது. இரண்டு ஆட்டுக்கடாக்கள் இழுத்த தேர் வாசலில் வந்து நின்றது. சிவந்த தாடியும் கையில் சுத்தியலுமாகத் தோர் இறங்கினார்.

"யாரது, என் பேரைப் பூனைக்கு வெச்சது?"

ரூனா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நான்தான் சாமி. ஆனா பேர் உங்ககிட்டேருந்துதானே வந்துச்சு? அப்போ பரிசும் நீங்கதானே தரணும்?"

குட்டி வாசற்படியில் ஏறி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. "வெறுங்கையோடவா வந்தீங்க?" என்று கேட்டது.

கடாக்களில் ஒன்றுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோர் திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே சாமிகள்தான்! கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கூரைப்பனி முழுதும் சரிந்து விழுந்தது.

"என்னையே மடக்கிட்டீங்களே!"

வானத்து இடியிலிருந்து கடுகளவு கிள்ளி, குட்டியின் தொண்டையில் போட்டார்.

"மனசு நிறைஞ்சா மட்டும் இதை உருட்டணும். சரியா?"

"குர்ர்ர்ர்..." என்றது குட்டி. அடுப்படிச் சட்டிகள் கிடுகிடுத்தன. ரூனா கைதட்டிக் கூத்தாடினாள். குட்டி, பீப்பாய்க்குப் பின்னால் இருந்த உல்ஃபைத் திரும்பியும் பாராமல் உள்ளே போய், நெருப்போரம் இருந்த அவனுடைய கம்பளியில் கால்நீட்டிப் படுத்தது.

அன்று முதல்தான், செல்லப்பிராணிக்குச் சாமி பெயர் வைத்தால் எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டு வருவதில்லை, பரிசு கேட்டுவிடுவார்களே என்ற பயம்! பூனையை மடியில் வைத்துத் தடவினால் அதன் நெஞ்சுக்குள் ஒரு குட்டி இடி உருள்வதும் அன்று முதல்தான்.